மருத்துவத் தகவலியல் படிக்கலாமா? ஈரோட்டிலிருந்து ஒரு கேள்வி

பவானிக்கரை:

அனைவருக்கும் வணக்கம். ஈரோடு மாவட்டத்தில் உயிர்மருத்துவப் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். விடுமுறையில் ஒரு தனியார் மருத்துவமனையில் பயிற்சிக்குச் சென்றிருந்தேன். அங்குள்ள இரத்தப் பரிசோதனை இயந்திரம் முடிவுகளை அச்சிட்டுத் தருகிறது. அந்தத் தாளைப் பார்த்து ஒரு பணியாளர் மருத்துவமனையின் மென்பொருளில் எண்களை மறுபடியும் தட்டச்சு செய்கிறார். நோயாளியைக் கோவைக்கு அனுப்ப நேர்ந்தால் அதே தாள் கோப்பில் வைத்துக் கொடுக்கப்படுகிறது. அங்கே மூன்றாம் முறையாகப் பதிகிறார்கள், அல்லது பரிசோதனையையே திரும்பச் செய்யச் சொல்கிறார்கள். இரண்டு இயந்திரங்களுக்கு நடுவே ஒரு மனிதர் உட்கார்ந்து எண்களைப் பெயர்த்து எழுத வேண்டியிருப்பது ஏன் என்று தேடியபோதுதான் நோயாளிகளின் தரவுகளைப் பதிவதையும் பகிர்வதையும் பயன்படுத்துவதையும் பற்றிய மருத்துவத் தகவலியல் என்ற துறையைப் பற்றி அறிந்தேன். அன்று முதல் இதிலேயே மேற்படிப்புப் படிக்க வேண்டும் என்று மனம் சொல்கிறது.

வீட்டில் கருத்து பலவாறாக இருக்கிறது. வளாகத் தேர்வில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்திருப்பதால் அதில் சேர்ந்துவிட வேண்டும் என்கிறார் அப்பா. மெடிக்கல் கோடிங் என்பதும் மருத்துவமும் கம்ப்யூட்டரும் சேர்ந்ததுதானே, மூன்று மாதப் பயிற்சியில் முடிந்துவிடுமே என்கிறார் சித்தப்பா. ஜெர்மனியில் இருக்கும் அத்தை மகன் அங்கே வந்து படிக்கச் சொல்கிறார். மஞ்சள் விலையை நம்பி ஓடும் குடும்பம் எங்களுடையது. கடன் வாங்கிப் படித்தால் அதற்குத் தக்க வேலை இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். இந்தத் துறையில் உண்மையில் எதைப் படிக்கிறார்கள், படித்தவர்கள் என்ன வேலையில் இருக்கிறார்கள் என்பதைத் துறைக்குள் இருப்பவர்கள் எழுதினால் பேருதவியாக இருக்கும்.

நொய்யல்வாசி:

வணக்கம் சகோதரி. கோவையில் மருத்துவமனை மென்பொருள்களை ஒன்றோடொன்று இணைக்கும் பணியில் நெடுங்காலமாக இருக்கிறேன். நீங்கள் பார்த்த அந்த ஆய்வக மேசையிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் இத்துறையின் பெரும்பகுதி அங்கேயே இருக்கிறது.

பரிசோதனை இயந்திரங்களில் பெரும்பாலானவற்றின் பின்புறம் ஒரு தொடர்பு முனை இருக்கும். அதன் வழியாக ஏ.எஸ்.டி.எம். என்ற நெறிமுறையிலோ எச்.எல்.7 என்ற செய்தி வடிவத்திலோ முடிவுகளை வெளியே அனுப்ப முடியும். அதைப் பெற்று, எந்த நோயாளியின் எந்த மாதிரி என்று பார்கோடைக் கொண்டு பொருத்தி, மருத்துவமனையின் பதிவில் சேர்க்கும் இடைநிலை மென்பொருளை ஒருவர் அமைக்க வேண்டும். கம்பியை இணைப்பது அரை நாள் வேலை. மீதி நாட்களெல்லாம் பொருளை இணைப்பதில் கழியும். ஓர் இயந்திரம், சிறுநீரகத்தின் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் அளவை டெசிலிட்டருக்கு மில்லிகிராமில் சொல்லும், மற்றொன்று லிட்டருக்கு மைக்ரோமோலில் சொல்லும், முன்னதை 88.4 ஆல் பெருக்கினால்தான் பின்னது வரும். அலகைக் கவனிக்காமல் எண்ணை மட்டும் கொண்டுபோய்ச் சேர்த்தால், நலமாக இருப்பவருக்குச் சிறுநீரகம் செயலிழந்துவிட்டது போலத் திரையில் தெரியும். ஒரே பரிசோதனையை ஒவ்வோர் ஆய்வகமும் ஒவ்வொரு பெயரில் எழுதுவதால், அவற்றுக்குப் பொதுக் குறியீடு வேண்டும் என்று அமெரிக்காவின் ரீகன்ஸ்ட்ரீஃப் நிறுவனம் 1994இல் லாயிங்க் என்ற தொகுப்பைத் தொடங்கியது. நோய்களை வகைப்படுத்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி., நோயாளியிடம் கண்டவற்றை நுணுக்கமாகப் பதிய ஸ்னோமெட் சி.டி., எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களுக்கு டைகாம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தரநிலை உண்டு. இந்தியா 2014இல் ஸ்னோமெட் அமைப்பில் உறுப்பினரானதால் நம் நாட்டுக்குள் அதைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். புனேயில் உள்ள சி-டாக் என்ற மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனம் அதற்கான தேசிய மையத்தை நடத்துகிறது.

இப்போது வேலை எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்கிறேன். 2021 செப்டம்பரில் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் நாடு முழுமைக்கும் தொடங்கப்பட்டது. அதில் ஒருவருக்கு ஆபா என்ற 14 இலக்கச் சுகாதாரக் கணக்கு எண் தருகிறார்கள். அவருடைய ஒப்புதலோடு ஒரு மருத்துவமனையின் பதிவை இன்னொரு மருத்துவமனை பெற முடியும். பதிவுகள் எல்லாம் ஓரிடத்தில் குவித்து வைக்கப்படுவதில்லை. அவை உருவான இடத்திலேயே இருந்து, கேட்கும்போது எச்.எல்.7 ஃபயர் என்ற பொதுத் தரவு வடிவில் போய்ச் சேர்கின்றன. இதில் இணைய விரும்பும் மென்பொருள், துறையில் எம்-1, எம்-2, எம்-3 என்று அழைக்கப்படும் மூன்று படிகளைத் தாண்ட வேண்டும்: எண்ணை உருவாக்கிச் சரிபார்ப்பது முதற்படி, பதிவுகளைப் பகிர்வது இரண்டாவது, பிறருடைய பதிவுகளைப் பெற்றுக் காட்டுவது மூன்றாவது. மருத்துவமனை மென்பொருள் செய்யும் சிறு நிறுவனங்கள் கூட இதற்கு ஆள் தேடுகின்றன. நிரல் எழுதத் தெரிந்தவர்கள் கோவையில் ஏராளம். ஆனால் டிஸ்சார்ஜ் சம்மரியில் எந்த வரி எதற்காக இருக்கிறது என்று தெரிந்து நிரல் எழுதுபவர் கிடைப்பது அரிது. உயிர்மருத்துவப் பொறியியல் படித்த உங்களுக்கு அந்த இடம் பொருந்தும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மில்லூர் வைத்தியர்:

அம்மிணி, நான் பல்லடம் பக்கத்தில் அரசுப் பணியில் இருக்கும் பொது மருத்துவன். மேலே எழுதியிருப்பவர் இணைப்பைப் பற்றிச் சொன்னார். இணைக்கப்படும் பதிவில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பற்றி நான் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு வயிற்றெரிச்சல் தரும் விஷயம் அதுதான்.

என்னிடம் மூச்சுத் திணறலோடு வருபவர்களில் பலர் ஏதோ ஒரு காலத்தில் நூற்பு மில்லில் வேலை செய்தவர்கள். பஞ்சுத் தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் பிஸினோசிஸ் என்ற நுரையீரல் நோய் வரக்கூடும். வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுக்கம் மிகுந்து, வாரம் போகப் போகக் குறைவது அதன் தொடக்கக் கால அடையாளம். மில்லுக்குள்ளும் எல்லா இடமும் ஒன்றல்ல. பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் புளோ ரூமிலும், அதைச் சீவும் கார்டிங்கிலும் வேலை செய்தவருக்குத் தூசி மிகுதி, நூலைச் சுற்றும் கோன் வைண்டிங்கில் இருந்தவருக்குக் குறைவு. ஆனால் ஓ.பி. சீட்டிலும் கணினிப் பதிவிலும் தொழில் என்ற இடத்தில் எல்லோருக்கும் "கூலி" என்றே எழுதப்பட்டிருக்கும், அல்லது அந்த இடம் காலியாக விடப்பட்டிருக்கும். ஆகவே பல்லாயிரம் பேருடைய பதிவுகள் கையில் இருந்தாலும், கார்டிங்கில் பத்தாண்டு இருந்தவர்களில் எத்தனை பேருக்கு மூச்சு நோய் வந்தது என்ற எளிய கேள்விக்கு அவற்றிலிருந்து விடை எடுக்க முடியாது. சோமனூர்ப் பக்கத்து விசைத்தறிக்காரர்களின் காது கேளாமைக்கும் இதே நிலைதான்.

இதைச் சரிசெய்வது எளிதன்று. தொழில் வரலாறு கேட்க நான்கு கூடுதல் கட்டங்களைத் திரையில் வைத்தால், காலை பத்து மணிக் கூட்டத்தில் எந்த மருத்துவரும் அவற்றை நிரப்ப மாட்டார். எதைக் கேட்பது, யாரைக் கேட்கச் சொல்வது, மருத்துவரா, செவிலியரா, சீட்டுப் பதியும் இடத்திலா, எதை ஒருமுறை மட்டும் கேட்டுப் பின்பு தானே வரும்படி செய்வது என்று தீர்மானிப்பதுதான் மருத்துவத் தகவலியலின் நடுப்பகுதி என்பது என் கருத்து. அதற்குப் புறநோயாளிப் பிரிவில் மணிக்கணக்கில் நின்று பார்க்க வேண்டும். "மக்களைத் தேடி மருத்துவம்" 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் வீட்டு வாசலிலேயே அளக்கப்படுகின்றன. கர்ப்பிணிகளின் விவரங்கள் பிக்மி தளத்தில் பதிவாகின்றன. அந்தப் பதிவின் சுமை கிராம சுகாதாரச் செவிலியர் தோளிலும் களப்பணியாளர் தோளிலும் விழுகிறது. ஒரே விவரத்தை நோட்டிலும் செயலியிலும் அவர்கள் எழுத நேர்ந்தால், அது திட்டத்தை அமைத்தவரின் பிழையே தவிர அவர்களுடைய சோம்பலன்று.

மருத்துவர்களுக்கும் இத்துறையில் இடமுண்டு என்பதைச் சேர்த்துச் சொல்கிறேன். அமெரிக்காவில் மருத்துவத் தகவலியல் 2011இல் மருத்துவர்களுக்கான தனி உட்சிறப்புப் பிரிவாக ஏற்கப்பட்டு, 2013இல் முதல் தேர்வு நடந்தது. நம் நாட்டில் அப்படியொரு முறையான வழி உருவாகும் வரை, உங்களைப் போன்ற பொறியாளர்களும் எங்களைப் போன்றவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

கோட்புத்தகம்:

சித்தப்பா சொன்ன மெடிக்கல் கோடிங்கில் நான் இருக்கிறேன். சேலத்துக்காரி, இப்போது கோவையில் பணி. இந்த வேலையைத் தாழ்வாகப் பேசுவதும் தவறு, இதுவே மருத்துவத் தகவலியல் என்று விற்பதும் தவறு.

நாங்கள் செய்வது இதுதான்: அமெரிக்க மருத்துவர் எழுதிய குறிப்பைப் படித்து, நோய்க்கு ஐ.சி.டி.-10-சி.எம். குறியீட்டையும் செய்த சிகிச்சைக்குச் சி.பி.டி. குறியீட்டையும் இட்டு, காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பும் பில்லுக்கு ஆதாரம் தருகிறோம். உடற்கூறு தெரிய வேண்டும், விதிகள் தெரிய வேண்டும், கவனம் சிதறக் கூடாது. செவிலியர், பார்மசி, உயிரியல் பட்டதாரிகள் பலருக்கு இது கௌரவமான வாழ்வு தந்திருக்கிறது, எனக்கும்தான். ஆனால் குறியீட்டு முறையை வடிவமைப்பதோ தரவை ஆராய்வதோ எங்கள் பணியன்று. எளிய குறிப்புகளுக்கு மென்பொருளே குறியீட்டைப் பரிந்துரைக்கத் தொடங்கிவிட்டதால், வருங்காலத்தில் சரிபார்ப்பவருக்கும் சிக்கலான கோப்புகளைக் கையாள்பவருக்கும்தான் மதிப்பு இருக்கும். பொறியியல் பட்டமும் ஆய்வக இயந்திரம் பற்றிய அறிவும் இருக்கும் நீங்கள் இதில் நுழைந்தால், படித்ததில் பாதி பயன்படாமல் போகும்.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: வேலைக்கு உத்தரவாதம் என்று சொல்லி முன்பணம் கேட்கும் எந்தப் பயிற்சி நிலையத்திலும் ஒரு ரூபாய் கூடக் கட்டிவிடாதீர்கள்.

பவானிக்கரை:

அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. மருத்துவர் ஐயா எழுதியதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். எங்கள் பெரியப்பாவும் மில்லில் இருந்தவர் என்பதால் அவர் வெகுநேரம் அதைப் பற்றியே பேசினார். எனக்கு இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. பாரதியார் பல்கலைக்கழகத்தில் உயிர்த் தகவலியல் துறை இருக்கிறது. அதுவும் இதுவும் ஒன்றாகுமா? ஜெர்மனியில் படிப்பது பற்றி அங்கே படித்தவர்கள் யாரேனும் சொல்ல முடியுமா?

நெக்கார்க்கரை நாமக்கல்லான்:

வணக்கம் தங்கச்சி. முதல் ஐயத்துக்குச் சுருக்கமாக: இல்லை. உயிர்த் தகவலியல் மரபணு, புரதம் போன்ற மூலக்கூறு அளவிலான தரவுகளை ஆராய்கிறது. மருத்துவத் தகவலியல் நோயாளியையும் மருத்துவமனையையும் மக்கள் கூட்டத்தையும் பற்றிய தரவுகளைக் கையாள்கிறது. புற்றுநோய் சிகிச்சை போன்ற இடங்களில் இரண்டும் சந்திக்கின்றன என்றாலும் பாடத்திட்டம் வேறு. படிப்பின் பெயரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். நம் ஊரிலும் வெளிநாட்டிலும் ஒரே படிப்புக்கு ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள். பாடப்பட்டியலில் தரவுத்தளம், புள்ளியியல், மருத்துவக் குறியீடுகளும் தரநிலைகளும், மருத்துவமனைத் தகவல் முறைமைகள், தரவுப் பாதுகாப்பும் நெறிமுறையும் ஆகியவை இருக்கின்றனவா, மருத்துவமனைக்குள் பயிற்சி உண்டா என்று பாருங்கள். கடைசியாகச் சொன்னது இல்லாத படிப்புக்குக் கடன் வாங்க வேண்டாம்.

ஜெர்மனியில் இது பழைய துறை. ஹைடெல்பெர்க் பல்கலைக்கழகமும் ஹைல்புரோனில் உள்ள உயர்கல்வி நிறுவனமும் சேர்ந்து 1972இலேயே மருத்துவத் தகவலியலைத் தனிப் பட்டப்படிப்பாகத் தொடங்கிவிட்டன. அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த இரண்டு ஊர்களும் இருக்கும் பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலத்தில், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்கள் 2017 முதல் பருவத்துக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். விசாவுக்காக, மாதந்தோறும் குறிப்பிட்ட தொகை மட்டுமே எடுக்க முடியும் முடக்கக் கணக்கில் காட்ட வேண்டிய தொகை 2024 செப்டம்பரிலிருந்து ஆண்டுக்கு 11,904 யூரோ. இந்திய மாணவர்களுக்கு, கல்விச் சான்றுகள் உண்மையானவை என்று உறுதிசெய்யும் ஏ.பி.எஸ். சான்றிதழும் வேண்டும். இவற்றையெல்லாம் அப்பாவோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பணத்தை விடப் பெரிய தடை மொழி. ஆங்கிலத்தில் நடக்கும் முதுகலைப் படிப்புகள் சில இருக்கின்றன. படிப்பை அவற்றில் முடித்துவிடலாம். ஆனால் மருத்துவமனையில் வேலை என்று வரும்போது மருத்துவர் குறிப்பு ஜெர்மன் மொழியில், செவிலியர் கூட்டம் ஜெர்மன் மொழியில், நோயாளியின் ஒப்புதல் படிவம் ஜெர்மன் மொழியில். பல்கலைக்கழக மருத்துவமனைகளில் ஆராய்ச்சிக்காகத் தரவு ஒருங்கிணைப்பு மையங்களை அமைத்திருக்கிறார்கள். நோயாளியின் பெயரை நீக்கிப் புனைக்குறி இட்டு, ஃபயர் வடிவுக்கு மாற்றி, ஆய்வாளர்களுக்குத் தருவது அங்கே அன்றாட வேலை. அத்தகைய மையத்தில்தான் நானும் பணிபுரிகிறேன். பி-2 என்ற மேல் இடைநிலை வரை மொழி கற்ற பிறகே எனக்கு அந்தக் கதவு திறந்தது. ஆகவே இங்கே வருவதானால், கடன் விண்ணப்பத்துக்கு முன்பே மொழி வகுப்பைத் தொடங்கிவிடுங்கள்.

என்னுடைய கருத்து ஒன்றே: உடனே வர வேண்டாம். இரண்டு ஆண்டுகள் நம் ஊர் மருத்துவமனைச் சூழலில் வேலை செய்துவிட்டு வந்தவர்கள், பட்டம் முடித்த கையோடு வந்தவர்களைக் காட்டிலும் வகுப்பில் தெளிவாகக் கேள்வி கேட்பதை நான் பார்த்திருக்கிறேன்.

மில்லூர் வைத்தியர்:

நாமக்கல் தம்பி சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதால் இனிப் பதிவெல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று சிலர் உங்களிடம் சொல்லக்கூடும் என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். சர்க்கரை நோயால் விழித்திரையில் வரும் பாதிப்பைப் படத்திலிருந்து கண்டறியும் செயற்கை நுண்ணறிவு நிரலைப் பற்றிய கூகுளின் ஆய்வு 2016இல் வெளியானது. அதற்குப் படங்கள் தந்தவற்றில் அரவிந்த் கண் மருத்துவமனையும் ஒன்று. கற்பிக்கப் பயன்பட்ட ஏறத்தாழ 1,28,000 படங்களையும் 54 கண் மருத்துவர்கள் பிரித்துக்கொண்டு பார்த்தார்கள். ஒவ்வொரு படத்துக்கும் குறைந்தது மூன்று தனித்தனி மதிப்பீடுகள். அந்த உழைப்பு இல்லையென்றால் அந்த நிரல் இல்லை. மருத்துவர்கள் ஒருவருக்கொருவர் மாறுபடும்போது என்ன செய்வது, எந்தப் படத்தை ஒதுக்குவது என்று முறைப்படுத்துபவர் தகவலியல் படித்தவர்தான். அந்த வேலை குறையப் போவதில்லை.

நொய்யல்வாசி:

சகோதரி, இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு இன்னும் தலைப்பு முடிவாகவில்லை என்றால் ஒன்றைச் சொல்கிறேன். நம் ஊர்ப் பெயர்களையே எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்த மருத்துவமனையின் பதிவிலும் பழனிசாமிகள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். முன்னெழுத்தை ஒருவர் பெயருக்கு முன்னும் மற்றொருவர் பின்னும் போடுவார். ழகரத்தை ஒரு பணியாளர் ஆங்கிலத்தில் எல் என்று எழுதுவார், இன்னொருவர் இசட் எச் என்று எழுதுவார். முதியவர்களில் பலருக்குப் பிறந்த தேதி ஜனவரி 1. கைப்பேசி எண் மகனுடையது, அதே எண்ணில் மனைவியும் மருமகளும் பதிவாகியிருப்பார்கள். இதனால் ஒரே மனிதருக்கு மூன்று கோப்புகள் உருவாகின்றன, அல்லது அதைவிட ஆபத்தாக, இருவருடைய கோப்புகள் ஒன்றாகின்றன. ஒருவருக்குப் பென்சிலின் ஒவ்வாமை என்ற குறிப்பு மற்றவருடைய கோப்பில் போய் மறைந்துவிடும். பெயர்களை ஒலிப்புக்கேற்பத் தொகுக்கும் சவுண்டெக்ஸ் முறை 1918இல் ஆங்கிலப் பெயர்களுக்காகக் காப்புரிமை பெற்றது. அதில் எல்லுக்கு ஓர் எண், இசட்டுக்கு வேறோர் எண் என்பதால் நம் பழனிசாமி இரண்டாகப் பிரிந்துபோவார். முன்னெழுத்து முன்னால் வந்தால் கணக்கே மாறிவிடும். ஃபெலிகியும் சன்டரும் 1969இல் வகுத்த நிகழ்தகவு முறையில் பெயர், வயது, ஊர், தொலைபேசி ஒவ்வொன்றுக்கும் எடை தந்து இரு பதிவுகள் ஒருவருடையவையா என்று மதிப்பிடலாம். கொங்குப் பகுதியில் ஊர்ப்பெயருக்கு எவ்வளவு எடை தருவது, தந்தை பெயருக்கு எவ்வளவு தருவது என்று நீங்கள் சோதித்துச் சொன்னால், எங்களைப் போன்றவர்கள் மறுநாளே பயன்படுத்துவோம்.

உண்மையான நோயாளிகளின் பதிவை வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டாம். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, சட்டம் இல்லாவிட்டாலும் அது முறையன்று. சின்தியா என்ற கட்டற்ற மென்பொருள் கற்பனை நோயாளிகளின் பதிவுகளை உருவாக்கித் தரும். அமெரிக்கப் பெயர்களை நீக்கிவிட்டு நம் பெயர்களை இட்டு, பிழைகளையும் நீங்களே கலந்துகொள்ளலாம். அவற்றை ஏற்றிப் பார்க்க பாம்னி என்ற மருத்துவமனை மென்பொருளைக் கணினியில் நிறுவுங்கள். சத்தீஸ்கரின் கனியாரியில் உள்ள ஒரு கிராமப்புற மருத்துவமனைக்காக உருவாகத் தொடங்கிய அது, கட்டற்ற மென்பொருள்தான். தரவுத்தள மொழியான எஸ்.க்யூ.எல்.-உம் நிரல்மொழியான பைத்தானும் இதைச் செய்யும்போதே கைவரும்.

வளாகத் தேர்வில் கிடைத்த வேலையை மறுக்க வேண்டியதில்லை. அந்த நிறுவனத்தில் மருத்துவத் துறைக்கான பிரிவு இருந்தால், சேரும் போதே அதைக் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் ஓராண்டுக்குப் பின் மாறிக்கொள்ளலாம். இன்டக்ரேஷன் இன்ஜினியர், இம்ப்ளிமென்டேஷன் ஸ்பெஷலிஸ்ட், கிளினிக்கல் டேட்டா அனலிஸ்ட், பாக்ஸ் (எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைச் சேமிக்கும் முறைமை) அட்மினிஸ்ட்ரேட்டர் ஆகிய பெயர்களில் விளம்பரங்களைத் தேடுங்கள், மருத்துவத் தகவலியல் என்ற பெயரிலேயே தேடினால் மிகச் சிலவே கிடைக்கும். திட்டப்பணிக்கு வழிகாட்டும் பேராசிரியர் சம்மதித்தால், பதிவேட்டறையில் ஒரு வாரம் உட்கார்ந்து பார்க்க எங்கள் மருத்துவமனையில் அனுமதி கேட்டுத் தருகிறேன். கல்லூரியின் கடிதத்தோடு தனிச்செய்தியில் எழுதுங்கள்.

பவானிக்கரை:

மிக்க நன்றி அண்ணா. பேராசிரியரிடம் நாளையே கேட்டுவிட்டு, கடிதத்தோடு எழுதுகிறேன். பெயர்ப் பட்டியலுக்கு எங்கள் ஊர் வாக்காளர் பட்டியலைப் பயன்படுத்தலாமா, அல்லது அதிலும் தனியுரிமைச் சிக்கல் வருமா?

நொய்யல்வாசி:

முழுப் பட்டியலைத் தொட வேண்டாம். பெயர்களை மட்டும் தனியே தொகுத்து, அவற்றையும் முன்னெழுத்துகளையும் ஊர்ப்பெயர்களையும் குலுக்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள். வயதும் முகவரியும் கற்பனையாக இருக்கட்டும். உங்களுக்கு வேண்டியது பெயர்களின் எழுத்து வேறுபாடு மட்டுமே.